பங்கு கேட்காதவர்கள்

டெக்ஸாஸ் மாநிலத்தில் விவசாயப் படிப்புப் படிக்கும் என் அண்ணன் மகனிடமிருந்து சென்ற ஆடி மாதம் ஒரு புகைப்படம் வந்தது. யாரோ ஒரு விவசாயியின் வீட்டுக் கூடம். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்குகிறது. அதன் அருகே, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் மாதிரி ஒரு கூச்சம் அவர் முகத்தில்.

படத்தோடு பையன் எழுதியிருந்தான்: "சித்தப்பா, இவர் குடும்பம் இதே நிலத்தில் நூறு வருஷத்துக்கு மேல் விவசாயம் செய்கிறதாம். அதற்காகச் சர்க்கார் கொடுத்த கௌரவம் இது. எனக்கு வாசித்துக் காட்டும்போதே அவருக்குக் குரல் கம்மிவிட்டது. நம் ஊர் நிலம் நம்மிடம் எத்தனை வருஷம் இருந்தது? அப்பாவைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்."

அண்ணன் ஏன் பேச்சை மாற்றினார் என்பது எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன். பையனுக்கு உடனே பதில் எழுதாமல், நான் அந்தச் சான்றிதழைப் பற்றிப் புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பதில் சொல்லத் தயங்குகிறவர்கள் செய்கிற காரியம்தான் அது. ஆனால் படித்தது வீண் போகவில்லை.

ஒரே குடும்பத்தில் நூறு வருஷம் தங்கிய நிலத்துக்கு மரியாதை செய்கிற வழக்கம் அமெரிக்காவில் பல மாநிலங்களில் இருக்கிறது. இதில் முன்னோடி நியூயார்க் மாநிலத்து விவசாயச் சங்கம். அவர்கள் 1937-ல் ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். பெரும் பொருளாதாரச் சரிவில் ஊருக்கு ஊர் பண்ணைகள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கையை விட்டுப் போகிற சமயத்தில்தானே ஒரு பொருளின் அருமை தெரிகிறது! ஆரிகன் மாநிலம் 1958-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அந்த மாநிலத்துக்கே நூறு வயது நிறைவதாக இருந்தது. டெக்ஸாஸ் சர்க்காரின் விவசாய இலாகா 1974-ல்தான் தொடங்கியது. 'குடும்ப நில மரபு' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். தலைநகரான ஆஸ்டினில் விழா வைத்துக் குடும்பங்களைக் கௌரவிக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மட்டுமல்ல, 150 ஆண்டு, 200 ஆண்டு கண்ட குடும்பங்களுக்கும் தனி மரியாதை உண்டு.

நிபந்தனை கேட்கச் சுலபமாக இருக்கும். நிலம் நூறு வருஷம் இடைவிடாமல் ஒரே குடும்பத்தில் இருக்க வேண்டும். அதில் விவசாயமோ கால்நடை வளர்ப்போ இடைவிடாமல் நடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. மனைவி வழியாக, மகள் வழியாக, உடன்பிறந்தார் பிள்ளைகள் வழியாக வந்தாலும் செல்லும். இந்த ஒரு விதியால் அந்தப் பதிவேடுகளில் பெண்களின் பெயர் நிறையவே வருகிறது. கணவன் இளம்வயதில் இறந்து, நான்கு குழந்தைகளோடும் ஒரு அடமானத்தோடும் நின்ற மனைவிமார் இல்லாவிட்டால் பாதிக் குடும்பங்களுக்கு நூறு வருஷம் என்ற கணக்கே வந்திருக்காது.

ஆனால் அந்த நூறு வருஷத்தில் என்னென்ன நடந்தது என்று பார்த்தால்தான் அந்தக் கிழவரின் குரல் கம்மியதற்குக் காரணம் புரிகிறது.

டெக்ஸாஸில் 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து வீட்டுக்குத் திரும்பியவர்களிடம் காசு இல்லை. காட்டில் திரிந்த நீண்ட கொம்பு மாடுகள் மட்டும் இருந்தன. உள்ளூரில் ஒரு மாடு நான்கு டாலருக்குப் போகும். வடக்கே கொண்டுபோனால் நாற்பது டாலர். ஆகவே ஆயிரம், இரண்டாயிரம் என்று மந்தையைச் சேர்த்து, மாதக்கணக்கில் நடத்திக்கொண்டு கான்ஸாஸ் ரயில் நிலையங்களுக்குப் போனார்கள். சினிமாவில் நாம் பார்க்கிற குதிரைக்கார வீரர்களின் காலம் முழுவதும் இந்தச் சில வருஷங்களுக்குள் அடங்கிவிடும். 1874-ல் ஜோசப் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த வெளிக்கெல்லாம் வேலி வந்தது. வேலி போட்டவனுக்கும் வேலியை வெட்டியவனுக்கும் சண்டை முற்றி, 1884-ல் வேலியை வெட்டுவதைப் பெருங்குற்றமாக்கிச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. பருத்தி போட்டவர்களுக்கு வேறு எதிரி. 1890-களின் தொடக்கத்தில் மெக்ஸிகோவிலிருந்து எல்லை தாண்டி வந்த கூன்வண்டு காய் காயாகத் துளைத்துத் தள்ளியது. பிறகு 1930-களின் பணமுடை.

இதையெல்லாம் தாண்டியவர்களைக் கடைசியாகச் சோதித்தது 1950-களின் பஞ்சம். ஏறக்குறைய ஏழு வருஷம் மழை பொய்த்தது. 1956 முடிவில், டெக்ஸாஸின் 254 ஜில்லாக்களில் 244 ஜில்லாக்கள் பேரிடர்ப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்தன. புல் இல்லாமல் சப்பாத்திக்கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டார்கள். 1957 வசந்தத்தில் மழை வந்தபோது, வெள்ளமாக வந்து மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போயிற்று.

இந்தப் பஞ்சத்தைப் பற்றி எல்மர் கெல்டன் என்பவர் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். 1973-ல் வெளிவந்தது. அவர் பண்ணையில் பிறந்தவர். பஞ்ச காலத்தில் பத்திரிகை நிருபராக விவசாயச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தவர். அந்த நாவலின் நாயகன் சார்லி ஃபிளாக் என்ற பண்ணைக்காரர். சர்க்கார் உதவியை வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, மந்தை, கௌரவம், உடம்பு என்று ஒவ்வொன்றாக இழக்கிறார். வீரதீரம் ஒன்றும் இல்லை. ஆள் வெறுமனே நிற்கிறார். நிற்பதையே ஒரு கதையாக எழுத முடியும் என்பதை நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

இதுவரை சொன்னது கௌரவத்தின் வெளிச்சமான பக்கம். எண்ணுகிறபோது எங்கிருந்து எண்ணுகிறோம் என்று ஒரு கேள்வி உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் அந்த நிலத்துக்கு வந்தான் என்றால், அவன் யாரிடமிருந்து வாங்கினான்?

1820-களில் ஸ்டீபன் ஆஸ்டின் என்பவர் மெக்ஸிகோ அரசின் அனுமதியுடன் அமெரிக்கக் குடும்பங்களை டெக்ஸாஸுக்கு அழைத்து வந்தார். நிலம் தாராளமாகக் கிடைத்தது. மாடு வளர்க்கிறவனுக்கு 4,428 ஏக்கர். உழுகிறவனுக்கு 177 ஏக்கர். 'நான் இரண்டும் செய்கிறேன்' என்றவனுக்கு இரண்டும். அநேகமாக எல்லோருமே மாடு வளர்க்கப் போவதாகச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. தஞ்சாவூர்க் கணக்கில் 4,428 ஏக்கர் என்பது அறுநூற்று அறுபது வேலிக்கு மேல்! 1836-ல் டெக்ஸாஸ் தனிக் குடியரசானபோது, குடும்பத் தலைவர்களுக்கு இதே அளவு நிலம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். கூடவே ஒரு வாசகம்: ஆப்பிரிக்கர்களும், ஆப்பிரிக்கர் வழி வந்தவர்களும், செவ்விந்தியர்களும் நீங்கலாக. கரையோரத்துக் கரங்கவா மக்களுக்கும், வடக்கே கோமாஞ்சி மக்களுக்கும் அந்த நிலம் எத்தனை நூற்றாண்டாகச் சொந்தமாக இருந்தது என்பதற்குப் பத்திரம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் வருவதற்கு முன் ஸ்பெயின் மன்னர் பெயரால் மானியம் பெற்ற குடும்பங்களும் இருந்தன. அவர்களில் ஒரு பெண்மணியை நான் மறக்க முடியாது. ரோஸா மரியா இனோஹோஸா தே பாயீ. 1752-ல் பிறந்தவர். 1790-ல் கணவர் இறந்தபோது அவர் கைக்கு வந்தது கடன் சுமந்த நிலம். விம்மி அழுதுகொண்டு உட்காரவில்லை. கடனைத் தீர்த்தார். பிள்ளைகள் பெயரில், சகோதரன் பெயரில் என்று மேலும் மேலும் மானியம் கேட்டு வாங்கினார். 1803-ல் அவர் காலமானபோது பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் அவருடைய ஆட்சியில் இருந்தது. டெக்ஸாஸின் முதல் 'மாட்டு ராணி' என்று சரித்திரக்காரர்கள் அவரை அழைக்கிறார்கள். அவருடைய மகன் ஒரு பாதிரியார். கடலோரத்தில் நூறு மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் தீவு அவர் பெயரால்தான் இன்றும் 'பாத்ரே தீவு' என்று வழங்குகிறது.

பெயர் தங்கியது, நிலம் தங்கவில்லை. வாரிசுகள் பெருகினார்கள். எல்லை மாறியது, மொழி மாறியது, நீதிமன்றம் மாறியது. 1930-களில் அந்தத் தீவைப் பற்றிச் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தில் தங்களுக்கு வர வேண்டிய எண்ணெய்ப் பங்கு வரவில்லை என்று அவர் வம்சத்தார் நூற்றுக்கணக்கானவர்கள் வழக்காடினார்கள். 2000-ல் ஜூரிகள் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 2008-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், வழக்குப் போட வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது என்று தள்ளிவிட்டது. பத்து லட்சம் ஏக்கர் ஆண்டவளின் பேரப்பிள்ளைகளுக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரு தீவின் பெயர்.

அந்தப் பிரதேசத்திலேயே எழுந்ததுதான் கிங் பண்ணை. டெக்ஸாஸ் என்றால் உலகம் முழுவதும் முதலில் சொல்கிற பண்ணை இதுதான்.

ரிச்சர்ட் கிங் 1824-ல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு நகைக்கடையில் வேலை பழக விட்டார்கள். பதினோராவது வயதில் அங்கிருந்து ஓடி, ஒரு கப்பலில் ஒளிந்துகொண்டு தெற்கே போய்ச் சேர்ந்தார். நீராவிப் படகுகளில் வேலை செய்து மாலுமியாகி, ரியோ கிராண்டே ஆற்றில் படகோட்டிப் பணம் சேர்த்தார். 1853-ல் சாந்தா கெர்ட்ரூடிஸ் ஓடைக்கரையில் அவர் வாங்கிய முதல் நிலம் 15,500 ஏக்கர். விலை 300 டாலர். அதாவது ஏக்கருக்கு இரண்டு சென்ட் கூட இல்லை. விற்றவர்கள் யார் தெரியுமா? நில மானியம் பெற்ற ஒருவரின் வாரிசுகள். தூரத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, பாதுகாப்பில்லாத காட்டு நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்திருப்பார்கள். பெரிய பண்ணைகள் எழும்புவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு பக்கம் பங்காளிகள் கலைகிறார்கள். இன்னொரு பக்கம் ஒருவன் சேர்க்கிறான்.

மறு ஆண்டு நடந்த ஒரு சம்பவம் நாவலுக்கே உரியது. மெக்ஸிகோவில் க்ரூயாஸ் என்ற ஊர் கடும் வறட்சியில் கிடந்தது. கிங் அங்கே போய் ஊராரின் மாடுகள் முழுவதையும் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு கிளம்பினார். சிறிது தூரம் போன பிறகு அவருக்கு உறைத்தது. மாடும் போன பிறகு அந்த மக்கள் எதைக்கொண்டு பிழைப்பார்கள்? திரும்பிப் போய், 'என்னோடு வாருங்கள். வீடும் சாப்பாடும் கூலியும் தருகிறேன்' என்றார். நூறு பேருக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். வண்டி, கோழி, கிழவிகள், கைக்குழந்தைகளோடு ஊரே நடந்தது. அவர்களுக்குக் 'கினேன்யோக்கள்', அதாவது கிங்கின் ஆட்கள் என்று பெயர் வந்தது. குதிரையும் மாடும் பழக்கும் வித்தை அவர்களுடையது. கிங்கின் வம்சத்தார் பண்ணையை ஆண்ட தலைமுறைதோறும், இவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் அதே கொட்டகைகளில் உழைத்தார்கள். நிலத்தோடு நூறு வருஷத் தொடர்பு என்பதுதான் கணக்கென்றால் இவர்களுக்கும் அந்தக் கணக்கு உண்டு. ஆனால் உரிமையாளர்களுக்குத்தான் சான்றிதழ். உழைப்புக்குப் பத்திரப் பதிவு கிடையாதே!

1885-ல் கிங் இறந்தார். எல்லாவற்றையும் மனைவி ஹென்ரியட்டாவுக்கு எழுதி வைத்திருந்தார். எல்லாம் என்பதில் ஏறக்குறைய ஐந்து லட்சம் டாலர் கடனும் சேர்த்தி. அந்த அம்மாள் ஒரு பாதிரியாரின் மகள். கணவரை முன்பு ஒரு வழக்கில் தோற்கடித்த இளம் வக்கீல் ராபர்ட் கிளெபர்க்கை, அவருடைய திறமையைப் பார்த்துக் கிங்கே தமக்கு வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஹென்ரியட்டா அவரிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார். மறு ஆண்டு கடைசி மகளை மணந்து மாப்பிள்ளையும் ஆனார். நாற்பது வருஷம் கறுப்பு உடையில் அந்த அம்மாள் பண்ணையைக் கட்டி ஆண்டார். கடன் தீர்ந்தது, நிலம் பெருகியது. 1925-ல் தொண்ணூற்றிரண்டாவது வயதில் அவர் கண்ணை மூடினார்.

பங்கு பிரிகிற நேரம் வந்தது. இவ்வளவு பெரிய குடும்பமும் அங்கேதான் தடுமாறியது. தம்முடைய மரணத்துக்குப் பிறகு பத்து வருஷம் யாரும் பிரிக்கக் கூடாது என்று அந்த அம்மாள் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் வாரிசு வரி வந்தது; கடன் வந்தது; விலைவாசி சரிந்தது. 1933-ல் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்குக் குத்தகை எழுதிக்கொடுத்துத்தான் மூச்சு விட்டார்கள். சில வாரிசுகள் தங்கள் பங்கோடு பிரிந்து போனார்கள். கிளெபர்க் குடும்பத்தார் தங்கள் பங்கையும் வாங்கிச் சேர்த்ததையும் ஒரு கம்பெனியாக மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் நிலம் பங்காக வராது; காகிதத்தில் அச்சடித்த பங்குதான் வரும். இன்று அந்தப் பண்ணை 8,25,000 ஏக்கர். ரோட் ஐலண்ட் என்ற மாநிலத்தையே விடப் பெரிது. நிலம் உடையவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பங்குதாரர்களில் எத்தனை பேருக்கு அந்த மண்ணின் வாசனை தெரியும்?

கம்பெனி வைக்க வசதியில்லாத சின்னக் குடும்பங்கள் என்ன செய்தன? நூறு, இருநூறு ஏக்கர் வைத்திருந்தவர்களின் கதைகளைப் படித்துக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தங்குகிறார். மற்ற எல்லோரும் போகிறார்கள். ஆறு குழந்தைகள் என்றால், ஒரு பிள்ளை ரயில்வேயில் சேருகிறான். ஒருத்தி பள்ளி ஆசிரியையாகிறாள். இன்னொருவன் எண்ணெய்க் கிணற்றுக்குப் போகிறான். தங்கியவன் மற்றவர்களின் பங்கைக் கடன் வாங்கி வாங்குகிறான். இருபது வருஷம் தவணை கட்டுகிறான். அக்கா ஒருத்தி, 'எனக்கு என்னத்துக்கு? நீ வைத்துக்கொள்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். விழா மேடையில் ஏறுகிறவர் தங்கியவர். ஏறாதவர்கள் அந்தப் போனவர்கள். சந்தை விலையைக் கேட்காதவர்கள், கேட்டும் வற்புறுத்தாதவர்கள், காத்திருந்தவர்கள் இல்லையென்றால் எந்த நிலமும் மூன்றாவது தலைமுறையைப் பார்த்திருக்காது.

இதன் மறுபக்கத்தைக் கறுப்பின மக்களின் சரித்திரத்தில் பார்க்கலாம். டெக்ஸாஸில் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தது 1865 ஜூன் 19-ந் தேதி, கால்வெஸ்டன் துறைமுகத்தில். கையில் ஒன்றுமில்லாமல் வெளியே வந்தவர்கள் ஆற்றுப் படுகைகளிலும், மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட மணல் காடுகளிலும் துண்டு துண்டாக நிலம் வாங்கினார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டித் தங்களுக்கென்று ஊர்கள் அமைத்துக்கொண்டார்கள். அவற்றுக்குச் 'சுதந்திரக் குடியிருப்புகள்' என்று பெயர். 550-க்கு மேற்பட்ட அத்தகைய ஊர்கள் டெக்ஸாஸில் இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1870-ல் டெக்ஸாஸின் கறுப்பின விவசாயிகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூடச் சொந்த நிலம் கிடையாது. 1900-ல் நூற்றுக்கு 31 பேர் நிலச் சொந்தக்காரர்கள். முப்பதே வருஷத்தில்! எந்தச் சான்றிதழுக்கும் இதைவிடத் தகுதி வேறு என்ன வேண்டும்?

அவர்களில் பெரும்பாலோர் உயில் எழுதவில்லை. ஊர் நீதிமன்றத்தை நம்புவதற்கு அவர்களுக்குக் காரணம் இல்லை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. தவிர, பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் நிலம் யாராலும் பறிபோகாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவர்களைக் கவிழ்த்தது. உயிலில்லாமல் இறந்தவரின் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பிரிவினையாகாத பொதுச் சொத்து. இரண்டு தலைமுறையில் ஐம்பது அறுபது பங்குதாரர்கள். பாதிப் பேர் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருக்கிறார்கள். நிலத்தைப் பார்த்ததே இல்லை. வெளியாள் ஒருவன் அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு சிறு பங்கைச் சொற்ப விலைக்கு வாங்குகிறான். இப்போது அவனும் பங்காளி. நேரே நீதிமன்றத்துக்குப் போய், 'என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்' என்கிறான். இத்தனை துண்டாகப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் முழு நிலத்தையும் ஏலத்தில் விற்கச் சொல்கிறது. ஏலத்தில் ரொக்கத்தோடு நிற்கிறவன் அவன் ஒருவன்தான். காலமெல்லாம் அந்த வீட்டிலேயே வாழ்ந்த கிழவி தன் பங்குக்கு ஒரு காசோலையை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

1910-ல் அமெரிக்கா முழுவதிலும் கறுப்பின விவசாயிகளிடம் ஒன்றரைக் கோடி ஏக்கர் இருந்தது. அதில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. பயமுறுத்தல், வரிப் பாக்கி, கடன் மறுப்பு என்று காரணங்கள் பல. ஆனால் கத்தியும் துப்பாக்கியும் இல்லாமல், சட்டப்படி நடந்த பறிப்பு இந்தப் பாகப்பிரிவினை ஏலம். இதைத் தடுக்க ஒரு மாதிரிச் சட்டம் 2010-ல் எழுதப்பட்டது. டெக்ஸாஸ் 2017-ல் அதை ஏற்றது. இப்போது ஒருவர் விற்கச் சொன்னால், நீதிமன்றம் நியாயமான விலையை மதிப்பிட்டு, அவருடைய பங்கை வாங்கிக்கொள்ளும் சந்தர்ப்பத்தை முதலில் மற்ற உறவினருக்குத் தர வேண்டும். நூற்றைம்பது வருஷம் தாமதமாக வந்த நியாயம்தான். ஆயினும் வந்தது. இத்தனையையும் தாண்டி நிலத்தைக் காப்பாற்றிய சில கறுப்பினக் குடும்பங்களின் பெயரும் அந்த மரபுப் பதிவேட்டில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அவர்களுடைய நூறு வருஷத்தை இருநூறாகக் கணக்கிட வேண்டும்.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் நிலத்தின் தாய்ப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 1907-ல் என் கொள்ளுத்தாத்தா கிரயம் வாங்கியிருக்கிறார். ஒன்றேகால் வேலி. அப்பா காலமான பிறகு நாங்கள் மூன்று பேர்: அண்ணன், அக்கா, நான். அண்ணன்தான் ஊரில் தங்கியவர். சட்டம் மகளுக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட்ட காலம் அது. ஆனாலும் அக்கா பதிவு அலுவலகத்துக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வருஷத்துக்கு ஒரு மூட்டை புது அரிசி அனுப்பு, அது போதும்" என்று சொல்லிவிட்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அப்போது அவள் வாடகை வீட்டில் இருந்தாள்.

2009-ல் நான் பங்கு கேட்டேன். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. நியாயமான தேவைதான். எனக்கு உரிமையானதைத்தான் கேட்டேன். அண்ணன் ஒரு மாதம் தவணை கேட்டார். 'கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன்' என்றார். நான் அவசரம் என்றேன். வாய்க்கால் ஓரத்து நல்ல நிலம் என் பங்குக்கு வந்தது. வாங்கினவர் அதில் கல் ஊன்றினார். மிச்ச நிலத்துக்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அதை வைத்துக்கொண்டு அண்ணன் பத்து வருஷம் போராடினார். 2019-ல் விற்றார். பாதி கடனுக்குப் போயிற்று. மறுபாதியில்தான் இந்தப் பையன் படித்தான்.

பையனுக்குப் பதில் எழுதினேன்: "நூற்றிரண்டு வருஷம் முழுசாக இருந்தது. அப்புறம் பத்து வருஷம் உன் அப்பா ஒருத்தராகக் காப்பாற்றினார். முதலில் பிரித்தது நான்." எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அதெல்லாம் எதற்குடா இப்போது?" என்றார். பிறகு, "எழுதுவதானால் அக்கா பெயரையும் எழுது. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால்தான் அந்தப் பத்து வருஷமும்" என்றார்.

எழுதினேன்.